துபாசி வீட்டு மோடம்

அவளுக்குத் துபாசி என்று பெயர் வைத்தவர் அவளுடைய மாமனார். இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவில் நின்று ஒருவர் சொல்வதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்கிறவரை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைப்பார்கள் என்று, அவள் மருமகளாக வந்த புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அன்று பிடித்துக்கொண்டது அந்தப் பெயர். கணவன் கொஞ்சும்போதும் துபாசி, சட்டைப் பித்தான் தெறித்துப்போய்க் கத்தும்போதும் துபாசி. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அவள் வேலை, அவர்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரின் ஆஸ்பத்திரிகளுக்கு மொழிபெயர்ப்பது. டாக்டர் பேசுவது ஒரு மொழி, நோயாளி பேசுவது தமிழ், நடுவில் இவள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் நம் ஆட்கள் நோயைச் சொல்லும் விதம் இருக்கிறதே, அது தனிக் கலை. ஒருத்திக்கு வயிற்றைப் பிசையும். ஒருவருக்குக் கால் மதமதவென்று கிடக்கும். இன்னொருவருக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்துவிட்டு முதுகுப் பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். பிசைவது வேறு, குடைவது வேறு. காந்துவது வேறு, எரிவது வேறு. ஒருமுறை, புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், ‘உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’ என்று ஒரு அம்மாள் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து வைத்துவிட்டார். யார் அடித்தது என்று விசாரிக்க ஆள் வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவர் வெலவெலத்துப் போனார். கடைசியில் துபாசி போய், அது வெறும் காய்ச்சல் என்று சொல்லி அந்த மனிதரை மீட்டுக்கொண்டு வந்தாள்.

முன்பெல்லாம் அவள் நேரிலேயே போவாள். கட்டிலுக்குப் பக்கத்தில், நோயாளியின் தோளுக்குச் சற்றுப் பின்னால் நிற்பாள். பிறகு ஆஸ்பத்திரிகள் செலவைக் குறைத்தன. சக்கரம் வைத்த ஒரு கம்பத்தில் திரையை மாட்டி அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போனார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அவரவர் வீட்டிலிருந்து அந்தத் திரையில் வந்தால் போதும் என்றார்கள். துபாசிக்கு ஆரம்பத்தில் சந்தோஷம்தான். இரண்டு பஸ் மாறிப் போகிற அலைச்சல் இல்லை. சமையலறைக்குப் பக்கத்தில் பெட்டி படுக்கை போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து, வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு மேஜை போட்டாள். கதவு சாத்தியிருக்க வேண்டும், காதில் ஹெட்போன் இருக்க வேண்டும், கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது. இவைதான் விதி. விதிகளை அவள் நன்றாகவே காப்பாற்றினாள். காலை வாரியது மோடம்.

அது இன்டர்நெட் இணைப்புக் கம்பெனி கொடுத்த வெள்ளைப் பெட்டி. வாசல் கதவுக்குப் பக்கத்தில், ஒயர் வீட்டுக்குள் நுழைகிற மூலையில், கம்பெனி ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனது. நெற்றியில் ஒரே ஒரு விளக்கு. அது வெள்ளையாக எரிந்தால் உலகம் நம்மோடு பேசுகிறது. ஆரஞ்சாகச் சிமிட்டினால் இல்லை. ஏன் சிமிட்டுகிறது, எப்போது சிமிட்டும் என்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது. வாரக்கணக்கில் சாதுவாக இருக்கும். நம்பி உட்கார்ந்தால் ஒரே காலையில் திரும்பத் திரும்பச் செத்துப் பிழைக்கும். மழையாலும் இல்லை, வெயிலாலும் இல்லை. அதுவாக அணைந்து, அதுவாக யோசித்து, அதுவாகத் திரும்ப எரியும்.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். அவனால் தாங்க முடியவில்லை. “இருபது மாடி லிப்ட்டைப் பிரிச்சுப் போட்டு மாட்டறவன் நான். இந்த சோப்பு டப்பாவைத் திறக்கக் கூடாதாம். திறந்தா அபராதமாம்” என்று பெட்டியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்பான். இரண்டு சுவரும் பிரிட்ஜும் நடுவில் இருப்பதால் சிக்னல் தேய்ந்துபோகிறது என்று அவன் முதலில் நினைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து, ஹாலிலிருந்து அவள் மேஜை வரை சுவரோரமாக ஒரு ஒயரை இழுத்தான். வளைவுகளில் கிளிப் அடித்து, கதவிடுக்கில் நசுங்காமல் கொண்டுபோன அழகைப் பார்த்தால் யாரும் அது ஏதோ அலங்காரம் என்பார்கள். மறுவாரமே பெட்டி வழக்கம்போல் அணைந்தது. ஒயரின் மேல் தப்பில்லை, சுவரின் மேல் தப்பில்லை, பெட்டிக்கே உயிர் போய்ப் போய் வருகிறது என்பது அன்று உறுதியானது.

கம்பெனிக்குப் போன் செய்தால் முதலில் ஒரு பதிவுக் குரல், அவளுடைய அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லும். அதைச் சொல்லிச் சொல்லியே நேரம் போகும். பிறகு வருகிற ஆள் ஒவ்வொரு முறையும் புது ஆள். அணைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள் என்பார். போட்டுவிட்டேன் என்றால், மறுபடியும் போடுங்கள் என்பார். வீட்டில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விதான் அவள் மனசில் விழுந்து முளைத்துவிட்டது.

ஹாலில் மாமனார் டேப்லெட்டில் மல்யுத்தம் பார்ப்பார். மனைவி போன பிறகு அவருக்கு இருக்கும் ஒரே பிடிப்பு அது. பழைய போட்டிகள், தடித்தடியான ஆட்கள், பார்த்ததையே பார்ப்பார். காது மந்தம் என்பதால் சத்தத்தைக்கூட வைப்பதில்லை, படம் மட்டும்தான். வேலை நேரத்தில் அதைக் கொஞ்சம் பார்க்காமல் இருக்க முடியுமா என்று துபாசி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் முகம் சுளித்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “அதுக்கென்னம்மா” என்று உடனே அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே தெருவில் வண்டிகள் இடம் தேடி நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டி இருந்தபடியேதான் இருந்தது. ஆனாலும், திரும்பப் பாருங்கள் மாமா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒருவேளை அதனால்தான் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறதோ என்ற சந்தேகம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காலை வந்தது.

திரையில் ஒரு சின்ன அறை. டாக்டர் நீள முகத்துக்காரர். நல்ல செய்தியையும் துக்கச் செய்தியையும் ஒரே முகத்தோடு சொல்கிற ரகம். எதிரே ஒரு அம்மாள், ஐம்பதைத் தாண்டியவர், தனியாக வந்திருந்தார். மகன் வேலைக்குப் போய்விட்டான் என்றும், வாசல் வரை மருமகள் கொண்டுவந்து விட்டாள் என்றும், கேட்காமலே துபாசியிடம் சொன்னார். தமிழ்க் குரலைக் கேட்டதும் அவருக்குப் பேச வேண்டும்போல் இருந்திருக்கும். மார்பில் ஒரு கட்டி. அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவைச் சொல்லத்தான் டாக்டர் வந்திருந்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. அது புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டி, எடுக்கக்கூடத் தேவையில்லை, கொஞ்ச காலம் கழித்து ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார். அவர் மொழியில் ‘இல்லை’ என்பது முதலிலேயே வந்துவிட்டது. துபாசிக்கு உள்ளே ஒரு பாரம் இறங்கியது. தமிழில் ஆரம்பித்தாள்.

“சதை எடுத்துப் பாத்தோம் இல்லீங்களா, அதுல என்ன தெரியுதுன்னா, உங்க மார்புல இருக்கறது கேன்சர் கட்டி...”

அந்த இடத்தில் திரை நின்றுபோனது. அவள் வாய் நிற்கவில்லை. ‘இல்லீங்க’ என்று சொல்லித்தான் முடித்தாள். அது போய்ச் சேர்ந்ததா, இந்த அறையின் வெள்ளைச் சுவரில் மோதி இங்கேயே விழுந்துவிட்டதா, தெரியவில்லை. திரையில் அந்த அம்மாள் வாய் லேசாகத் திறந்தபடி, ஒரு கை கழுத்தில் இருக்க, அசையாமல் இருந்தார். பிறகு அந்தப் படமும் போய், இணைப்பைத் தேடுகிறது என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். மூலையில் ஆரஞ்சு விளக்கு. அவள் கண் தன்னையறியாமல் அலமாரிப் பக்கம் போனது. டேப்லெட் வைத்த இடத்தில் அணைந்து கிடந்தது. ஜன்னலோரம் இருந்த மாமனார் அவள் எங்கே பார்த்தாள் என்பதைப் பார்த்துவிட்டார். இரண்டு கைகளையும் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார், தொடவில்லை என்று காட்டுகிற மாதிரி.

பெட்டியை அணைத்துப் போட்டாள். அது நிதானமாக விழித்தது, அதற்கென்ன அவசரம். கைபேசியின் டேட்டாவில் நுழைந்து பார்த்தாள். பதிவு செய்யாத இணைப்பு, அனுமதி இல்லை என்றது வேலைத் திரை. ரகசியம் காக்க வைத்த பூட்டு அது. அவளே பயிற்சியில் அதைப் பாராட்டியிருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று கூப்பிட்டுக் கேட்கலாமென்றால், அவளுக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதே தெரியாது. திரையில் வருவது ஓர் எண் மட்டும்தான். ஊரில் எத்தனையோ ஆஸ்பத்திரிகள், அவற்றில் எங்கோ ஒரு அறையில் ஒரு அம்மாள் பாதி வாக்கியத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மீதிப் பாதி இவள் வாயில் இருக்கிறது.

விளக்கு வெள்ளையானதும் உள்ளே போய்ப் பார்த்தாள். அழைப்பு முடிந்துவிட்டது என்று இருந்தது. தமிழ்ப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்த பெண்மணிக்குப் போன் செய்து, மறுபடி அந்த அறைக்கு இணைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது, அந்தப் பக்கத்திலிருந்துதான் கூப்பிட வேண்டும் என்றார் அவர். கூப்பிடவில்லை என்றால் வேலை முடிந்தது என்றுதான் அர்த்தம், டாக்டர் சும்மா விட்டிருக்க மாட்டார், வேறு யாரையாவது வைத்துச் சொல்லியிருப்பார் என்று தேற்றினார்.

“அந்த அம்மா காதுல பாதிதான் விழுந்துதோன்னு பயமா இருக்குங்க” என்றாள் துபாசி.

“நீங்க முழுசாச் சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன். போச்சான்னு தெரியலை.”

“அப்ப விடுங்க. அடுத்த அழைப்பு வருது பாருங்க.”

அடுத்த அழைப்பு வந்தது. கணுக்கால் சுளுக்கு. அதைச் சொன்னாள். அதற்கடுத்தது, காது குடைச்சல். அதையும் சொன்னாள்.

சாயங்காலம் கணவன் வந்து, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டான். ஒரு அழைப்பு நடுவில் அறுந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்ல உரிமையில்லை. அறுவது புதிதா என்றான் அவன், வெள்ளந்தியாக. புதிதில்லைதான் என்று சொல்லிவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாள். கழுவும்போது அந்த வாக்கியத்தை விதவிதமாகத் திருப்பிப் பார்த்தாள். ‘பயப்படாதீங்க’ என்று ஆரம்பித்திருக்கலாம். ‘நல்ல சேதி’ என்று ஆரம்பித்திருக்கலாம். ஆனால் டாக்டர் சொல்லாததைச் சொல்லக் கூடாதே. தமிழில் உண்டும் இல்லையும் கடைசியில்தான் வரும். அது யார் மேலும் குற்றமில்லை.

மறுநாள் கம்பெனியோடு சண்டை போட்டு ஒரு ஆளை வரவழைத்தாள். காலைக்கும் மாலைக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வருவார் என்றார்கள். லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர் நல்ல மனிதர். காலணியை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். ஒயரில் ஒரு கருவியைச் செருகி, திரையில் பச்சையாக வந்ததை அவளுக்கும் காட்டினார். லைன் அருமையாக இருக்கிறது என்றார். சுவரோரம் போன ஒயரைப் பார்த்து, யார் இழுத்தது, இவ்வளவு சுத்தமாக எங்கள் ஆட்களே இழுக்க மாட்டார்களே என்று மெச்சினார். இன்னும் கொஞ்சம் இருந்து பாருங்கள் என்று அவள் கெஞ்சியதற்காக ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்தார். பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வந்த அன்று பிள்ளைகள் கைகட்டி உட்காருமே, அந்த மாதிரி அந்தப் பெட்டி வெள்ளை விளக்கோடு அப்படியே இருந்தது. அவர் முன்னால் ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. போகும்போது, உங்கள் மனத்திருப்திக்கு என்று சொல்லி வண்டியிலிருந்து வேறு பெட்டி கொண்டுவந்து மாற்றிவிட்டுப் போனார்.

கணவன் அதைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் யாரோ குழந்தை ஒட்டிய மீன் ஸ்டிக்கர், பாதி கிழிந்திருந்தது.

“எந்த வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு இங்க வந்துச்சோ” என்றான்.

வந்த புதிதில் அது அடக்கமாகத்தான் இருந்தது. பிறகு அதுவும் பழைய பெட்டியின் புத்தியைக் கற்றுக்கொண்டது.

மேற்பார்வையாளர் போன் செய்தது அதற்கப்புறம்தான். வழக்கமாகச் செய்தி அனுப்புகிறவர், அன்று நேராகக் கூப்பிட்டார். பேச்சை ஆரம்பிக்கவே அவருக்குச் சிரமமாக இருந்தது. அந்த அழைப்பைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, அந்த அம்மாளின் மகன் எழுதியிருக்கிறார் என்றார்.

“அவங்க எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க. ஆனா அதுக்கு நடுவுல...”

நடுவில் நடந்ததை, மகனின் புகாரிலிருந்தும் டாக்டர் தந்த விளக்கத்திலிருந்தும், அவர் படித்துச் சொன்னார். அந்த அம்மாள் காதில் விழுந்தது ‘கேன்சர் கட்டி’ வரைதான். அதோடு திரை போய்விட்டது. அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். டாக்டர் திரையைத் தட்டிப் பார்த்தார், காத்திருந்தார். அந்த அறையில் நல்ல செய்தி கேட்டு உடைந்து அழுகிறவர்களை அவர் நிறையப் பார்த்தவர். சொல்லியாகிவிட்டது, நிம்மதியில் அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். நர்ஸ் அடுத்த தேதி எழுதிய காகிதத்தைக் கையில் கொடுத்தாள். அந்தத் தேதியில்தான் அறுத்து எடுக்கப் போகிறார்கள் என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகனுக்கு வேலையில் ஏற்கெனவே தலைக்குமேல் கிடக்கிறது, அவனை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். தங்கைக்கு மட்டும் போன் செய்து, காரணம் சொல்லாமல், சின்ன வயசில் அடித்ததற்கெல்லாம் மன்னித்துவிடு என்றாராம். கைக்குழந்தையாக இருந்த பேத்தியைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். தொட்டால் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். பாட்டியைப் பார்த்துக் குழந்தை கையை நீட்டும், இவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். மருமகள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில், அந்தத் தேதிக்கு லீவு சொல்ல வேண்டுமே என்று மகன் காகிதத்தை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

துபாசி கேட்டாள்:

“நான் ஒரு தடவை அவங்ககிட்டப் பேசலாமா? மன்னிப்பு கேக்கறதுக்கு மட்டும்.”

“விதியில இடமில்லீங்க. உங்களுக்கே தெரியும்.”

“நான் ‘இல்லீங்க’ன்னு சொன்னேன். அதையாவது அவங்களுக்குச் சொல்லுங்க.”

“சொன்னீங்கன்னு நான் நம்பறேன். ஆனா இங்க பதிவுல, மொழிபெயர்ப்பாளர் அழைப்பை விட்டு வெளியேறினார்னுதான் இருக்கு. லைன் போனா அது அப்படித்தான் எழுதும்.”

வெளியேறினார். எழுந்து போனாள் என்ற மாதிரி. லைன்தான் போனது, ஆள் போகவில்லை என்பதற்கு இணைப்புக் கம்பெனியிடமிருந்து ஒரு வரி வாங்கிக் கொடுத்தால் விசாரணையில் சேர்த்துக்கொள்வோம் என்றார் மேற்பார்வையாளர். அந்த ஒரு வரிக்காக அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு குரலிடமும் முதலிலிருந்து கதை சொன்னாள். எல்லோரும் மரியாதையாகவே கேட்டார்கள். எங்கள் கணக்குப்படி அன்று அந்தத் தெருவில் லைன் நாள் முழுக்க உயிரோடு இருந்திருக்கிறது என்றார் ஒருவர். பெட்டி தானாக அணைந்து எழுந்திருந்தால் அது லைன் கோளாறு என்று ஆகாது, அதனால் லைன் போனதாக எழுதித் தர இயலாது என்றார் இன்னொருவர். பெட்டிக் கோளாறு என்றாவது எழுதித் தாருங்கள் என்றால், அந்தப் பெட்டியைத்தான் மாற்றிவிட்டோமே, இப்போது அது எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது என்றார்கள். அது இந்நேரம் வேறு யார் வீட்டு மூலையிலாவது உட்கார்ந்து சிமிட்டிக்கொண்டிருக்கும்.

கணவன் ஒரு மாலை அவள் கையிலிருந்து போனை வாங்கித் தன் பங்குக்குப் பேசிப் பார்த்தான். லிப்ட் நடுவில் நின்றால் நாங்கள் கயிறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதில்லை, உள்ளே இருப்பவரை வெளியே எடுக்கிறோம் என்றான். அந்தப் பக்கத்தில் இருந்தவர் அவன் பொறுமைக்கு நன்றி சொன்னார்.

விசாரணை முடிவில் வேலை போகவில்லை. ஆனால், இணைப்பு நிலையானது என்று தெரியும் வரை டாக்டர் அறைகளுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்து, நேரம் குறிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். பல் டாக்டருக்கு எந்த நாள் காலி, கண் பரிசோதனைக்கு என்ன கொண்டுவர வேண்டும், ஊசி போடும் இடம் எந்த மாடி, இவைதான் இனி அவள் வாய் வழியாகப் போகும். பிசைவதும் குடைவதும் வேறு யாரிடமோ போய்விட்டன. இங்கே அழைப்பு அறுந்தாலும் யாரும் சாகப் போவதில்லை என்று மேற்பார்வையாளர் ஆறுதலாகச் சொன்னார். ஆறுதலாகச் சொன்னதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அங்கேயும் அவளுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் அதை முதலில் சொல்லிவிடுவாள். “முடியாதுங்க, செவ்வாய்க்கிழமை முடியாதுங்க.” “வேண்டாங்க, வெறும் வயித்தோட வர வேண்டாங்க.” எங்கே அறுந்தாலும் முக்கியமானது போய்ச் சேர்ந்திருக்கட்டும் என்று. தரம் பார்க்கிறவர்கள் அவளுடைய சில அழைப்புகளைக் கேட்டுவிட்டு, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், மூலத்தில் இல்லாத அழுத்தம் தருகிறார் என்று புள்ளியைக் குறைத்தார்கள். அவள் விளக்கம் எழுத உட்கார்ந்தாள். எழுதி அழித்துவிட்டு, இனிக் கவனமாக இருக்கிறேன் என்று மட்டும் அனுப்பினாள்.

மாமனாரிடம் அவள் பேசியது அந்த வாரத்தில்தான். அவர் காதருகே குனிந்து சொன்னாள்:

“மாமா, அது உங்களால ஆனது இல்ல. பெட்டிதான் சரியில்ல. நீங்க தாராளமாப் பாருங்க. நான் உங்களை அன்னிக்கு அப்படிப் பாத்திருக்கக் கூடாது.”

அவர் ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

“இருக்கட்டும்மா. அதுல யாரு ஜெயிக்கப் போறான்னு எல்லாமே எனக்குத் தெரிஞ்ச சண்டைதான்.”

அவள் டேப்லெட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் வரை அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அவளுடைய வேலை நேரத்தில் அவர் அதைத் திறந்ததே இல்லை.

வீடு மாற்றிவிடலாமா என்ற பேச்சைக் கணவன்தான் எடுத்தான். ஒரு சனிக்கிழமை காலை, ஆறேழு தெரு தள்ளி ஒரு வீட்டைப் பார்க்கப் போனார்கள். மூன்றாவது மாடி. வீட்டுக்கார அம்மாள் ஒவ்வொரு குழாயாகத் திறந்து தண்ணீர் எப்படிக் கொட்டுகிறது பாருங்கள் என்று காட்டினார். சமையலறையில் நல்ல வெளிச்சம். வேலைக்கு ஏற்ற மாதிரி, கதவு கெட்டியாகச் சாத்துகிற ஒரு சின்ன அறையும் இருந்தது. கணவன் ஜன்னல் கொக்கிகளை ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். துபாசி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இணைப்பு எந்தக் கம்பெனி என்று கேட்டாள். அந்த அம்மாள் சொன்னார். இவர்களுடைய அதே கம்பெனி. வேறு எதுவும் போட முடியாதா என்று கேட்டதற்கு, இந்தப் பக்கம் முழுக்க அவர்கள்தானே, ஆற்றைத் தாண்டினால்தான் வேறு ஆள் என்றார். பிறகு, ஏன், அது நன்றாகத்தானே வரும் என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் பாக்கலாமா?” என்றான் அவன்.

“உங்க வேலைக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். மாமா கண்ணு டாக்டர் இந்தப் பக்கம்.”

“ஆமா” என்றான். அவள் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டான்.

மதியம் அவளுக்கு வேலை இருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வேலை ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டிய இணைப்புச் சோதனையை ஓட்டினாள். தேர்ச்சி என்று வந்தது. அது எப்போதும் தேர்ச்சி என்றுதான் வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் அழைப்பு, பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையிலிருந்து ஒரு பெண்ணும், கன்னம் வீங்கிய ஒரு மனிதரும்.

“வணக்கங்க, நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேசறேன்” என்றாள். “நான் சொல்றது உங்களுக்குக் கேக்குதுங்களா?”